கல்லுக்கு ஊற்றிய சோடா

எங்கள் வீட்டு மீன்தொட்டியில் புழு இருப்பதை முதலில் கண்டவள் நான். கண்டதோடு நில்லாமல் தொட்டும் பார்த்தேன். அதுதான் பிழை.

நான் மருத்துவமாது. முந்தலுக்குப் பக்கத்தில் உள்ள கிளினிக்கில் வேலை. கர்ப்பிணித் தாய்மாரின் நிறை பார்ப்பேன், வயிறு பார்ப்பேன், பிள்ளைகளுக்குப் பூச்சிக் குளிசை கொடுக்கச் சொல்லுவேன். நகத்தை வெட்டுங்கோ, கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவுங்கோ, வெறுங்காலோடு திரியவிடாதையுங்கோ என்று கிழமைக்குக் கிழமை ஒரே பாட்டு. புழு என்றால் எனக்குக் கொஞ்சம் தெரியும் என்ற நினைப்பு இருந்தது. அந்த நினைப்பில்தான் தொட்டிக்குள் கைவிட்டேன்.

தொட்டி இவருடையது. என் கணவர் இறால் குஞ்சு பொரிக்க வைக்கும் நிலையமொன்றில் மின்சார வேலை பார்க்கிறார். மோட்டர், பம்பி, வயர் என்று பகல் முழுக்க உப்புத் தண்ணீருக்குள் நிற்பவர், வீட்டுக்கு வந்தும் உப்புத் தண்ணீரைப் பார்க்க ஆசைப்பட்டது ஏனென்று கேட்டிருக்கிறேன். "அங்க இருக்கிறதெல்லாம் ஒரே இறால், ஒரே நிறம். ஒண்டைப் பாத்தா எல்லாத்தையும் பாத்த மாதிரி" என்றார். அழகு மீன்களை வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஒரு இடத்தைப் பூட்டியபோது, அங்கிருந்த பழைய தொட்டி ஒன்று, உள்ளே கிடந்த கற்களோடும் அவற்றில் ஒட்டி வளர்ந்த பவளங்களோடும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கடலில் பவளம் உடைப்பது குற்றம். இவை தொட்டியிலேயே பல வருடம் வளர்ந்தவை என்று அவர் அயலவர்களுக்கெல்லாம் தானாகவே விளக்கம் கொடுத்தார். ஒருவரும் கேட்கவில்லை.

மண்டபத்தில் தொலைக்காட்சி இருந்த இடத்தில் தொட்டி ஏறியது. தொலைக்காட்சி அலுமாரிக்கு மேல் போனது. அன்றிலிருந்து செய்தி வாசிப்பவரைக் கழுத்தை நிமிர்த்தித்தான் பார்க்கிறேன்.

அழகுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். செம்மஞ்சள் நிறத்தில் வெள்ளைப் பட்டி போட்ட இரண்டு கோமாளி மீன்கள், மணலுக்கு மேலே படுத்துக்கிடக்கும் ஒரு சிறிய மீன், நத்தைகள், பச்சையும் ஊதாவுமாகப் பொத்தான் பொத்தானாக விரியும் பவளங்கள். விருந்தாளிகள் வந்தால் இவர் கதிரையை அதற்கு நேரே திருப்பிப் போடுவார்.

ஒரு நாள் இவர் கொழும்புக்குப் போயிருந்தார். மீனுக்குச் சாப்பாடு போடும் வேலை எனக்கு. போட்டதில் ஒரு துண்டு கல்லின் அடியில் விழுந்தது. அதை எடுக்க, கல்லுக்குள்ளிருந்து இளஞ்சிவப்பாக ஒன்று நீண்டு வந்தது. இரண்டு பக்கமும் வெள்ளை மயிர். பார்க்க மென்மையாக இருந்தது. பிடித்து வெளியே போட்டுவிடலாம் என்று இரண்டு விரலால் பிடித்தேன்.

கையை எடுத்தபோது புழுவைக் காணவில்லை. அதன் மயிர் முழுக்க என் விரல்களில் இருந்தது. கண்ணாடித் தும்பு குத்தினது போல் ஒரு எரிவு. இவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"தொட்டிக்குள்ள புழு."

"என்ன நிறம்?" என்று கேட்டார். என் கை எப்படி என்று கேட்கவில்லை.

"சிவப்பு. மயிர் இருக்கு. அந்த மயிர் இப்ப என்ரை விரலிலை இருக்கு."

"அது நல்ல புழு. மிச்சம் மீதியைத் தின்னும். தொட்டியைச் சுத்தமா வச்சிருக்கும். ஒண்டும் செஞ்சிடாதே."

மறுநாள் கிளினிக்கில் எனக்குப் பேனை பிடிக்க முடியவில்லை. டொக்டர் என் விரல்களில் பிளாஸ்டரை ஒட்டி உரித்து, ஒட்டி உரித்து, மயிர்களை எடுத்தார். மிஞ்சியதைச் சாவணத்தால் பிடுங்கினார். எப்படி ஏறியது என்று கேட்டார். புழுவைப் பிடித்தேன் என்றேன். அவர் என் முகத்தையும் சுவரில் இருந்த "கைகளைக் கழுவுவோம்" படத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு அடுத்த மயிரைப் பிடுங்கினார்.

நல்ல புழுவோடு சமாதானமாகிவிட்டேன். நான் கை விடுவதில்லை, அது வெளியே வருவதில்லை. ஆனால் கொஞ்ச நாளில் தொட்டிக்குள் வேறு ஏதோ நடக்கத் தொடங்கியது. காலையில் பார்த்தால் பவளத்தின் ஓரம் கத்தரிக்கோலால் நறுக்கியது போல் இருக்கும். நத்தைக் கூடுகள் வெறுமையாகக் கிடக்கும். மணலில் படுத்துக்கிடந்த சிறிய மீன் ஒரு நாள் இல்லை. தொட்டியின் மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. இவர் நிலத்தில், கதிரைக்குக் கீழே, அலுமாரிக்குப் பின்னால் எல்லாம் தேடினார். பக்கத்து வீட்டுப் பூனையையும் சந்தேகித்தார். அந்தப் பூனைக்கு மூடியைத் திறந்து மீனைத் தின்றுவிட்டுத் திரும்ப மூடத் தெரிந்திருக்க வேண்டும்.

உண்மை தெரிந்தது ஒரு மழை நாளில். பின்னேரம் இருட்டும் நேரத்தில் கரண்ட் நின்றது. இவர் தொட்டிக்குக் காற்றுக் கொடுக்கும் பற்றரியைப் பூட்டுவதற்காக டோர்ச்சை அடித்தார். அடித்தவர் அப்படியே நின்றார்.

"இங்க வா. சத்தம் போடாமல் வா."

ஒரு கல்லுக்கும் மறு கல்லுக்கும் இடையில், என் சுட்டுவிரல் மொத்தத்தில், செப்புக் கம்பி போல ஒன்று நீண்டு கிடந்தது. வெளிச்சம் பட்ட இடமெல்லாம் மண்ணெண்ணெய் பட்ட தண்ணீர் மாதிரி நீலமும் ஊதாவும் பச்சையும் ஓடியது. தலையில் கொம்பு கொம்பாக ஏதோ ஆடியது. நத்தையொன்றைப் பிடித்திருந்தது. வெளிச்சம் நேரே பட்டதும் நத்தையோடு உள்ளே போய்விட்டது. எந்தக் கல்லுக்குள் போனது என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை. நான் கண்ணை மூடியிருந்தேன். இவர் அதன் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"இதுவும் நல்ல புழுவோ?" என்று கேட்டேன்.

"இது கூடாத புழு" என்றார். குரலில் கவலையை விடப் பெருமைதான் கூடுதலாக இருந்தது.

இப்படித் தொட்டி வளர்க்கிறவர்கள் இணையத்தில் கூடிக் கதைக்கும் குழுவொன்று இருக்கிறது. அதில் கேட்டார். ஒருவர் நஞ்சு வைக்கச் சொன்னார், இன்னொருவர் கல்லை வெயிலில் காயவிடச் சொன்னார். இரண்டுக்கும் இவர் மாட்டேன் என்றுவிட்டார். காரணம், உடப்பில் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. இவருடைய ஊர் உடப்பு. அந்த வருடம் தீமிதிப்பதாக அம்மனுக்கு நேர்ந்திருந்தார். மச்சம் மாமிசம் விட்டு, மரக்கறிச் சாப்பாடு, நிலத்தில் பாய் போட்டுப் படுக்கை. விரத நாளில் ஒரு உயிரைக் கொல்ல மாட்டேன் என்றார். நுளம்பை அடித்ததை நான் கண்டிருக்கிறேன். ஆனால் அது தன்னுடைய இரத்தம் குடித்தது, இது குடிக்கவில்லையே என்று வாதாடினார்.

மூன்றாவது ஆள் சொன்ன வழிதான் இவருக்குப் பிடித்தது. கல்லைத் தண்ணீருக்கு வெளியே எடுத்து, அதிலுள்ள ஓட்டைகளுக்குள் சோடா ஊற்ற வேண்டும். வெறும் சோடா. அந்தக் காஸ் பொறுக்காமல் புழு தானாக வெளியே வருமாம். கொலையும் இல்லை, நஞ்சும் இல்லை.

சோடாவின் மூடியைத் திறந்தால் காஸ் போய்விடும். ஆகவே ஒவ்வொரு பின்னேரமும் புதுப் போத்தல் வேண்டும். கடை கிளினிக்குக்குப் பக்கத்தில் இருந்தபடியால் வாங்கும் வேலை எனக்கு வந்தது. கடைக்கார நானா முதல் நாள், "என்ன மிஸ், ஊட்டுல விருந்தா?" என்று கேட்டார். இல்லை, சும்மா தேவைக்கு என்றேன். மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். நானா குரலைத் தாழ்த்தி, "பைட்டுக்கு ஒண்ணும் வேணாமா மிஸ்? கடலை சுடச்சுட இரிக்கி" என்றார். பைட் என்றால் சாராயத்தோடு கொறிப்பது என்று அந்த நேரம் எனக்கு ஓடவில்லை. எனக்குக் கடலை விருப்பம். வாங்கினேன். அதற்குப் பிறகு சோடாவோடு கடலையையும் அவரே சுற்றி வைத்துவிடுவார்.

வீட்டில் இவர் முழங்காலில் இருந்து கல்லை இரண்டு கையாலும் ஏந்திப் பிடிப்பார். கீழே பெரிய பேசின். நான் சோடாவை ஊற்றுவேன். சிறு நண்டுகள் வந்து விழும். வால் மாதிரிக் கைகளோடு நட்சத்திர மீன் ஒன்று வந்தது. என் விரலைப் பதம் பார்த்த நல்ல புழுவின் சொந்தக்காரர்கள் வந்தார்கள். அவர்களையெல்லாம் இவர் கரண்டியால் அள்ளித் திரும்பத் தொட்டிக்குள் விட்டார். தேடினவர் மட்டும் வரவில்லை. ஆம், அதற்குள் இவர் அந்தப் புழுவை "அவர்" என்று சொல்லத் தொடங்கியிருந்தார். அந்த வழக்கம் எனக்கும் தொற்றிவிட்டது.

அதன் விளைவு கிளினிக்கில் தெரிந்தது. வரிசையில் தாய்மார் இருக்கும்போது இவர் தொலைபேசி எடுத்தார். நான் வேலை அவசரத்தில், "அவர் நேற்றும் வெளியிலை வரேல்லை. சோடா காணாதெண்டு நினைக்கிறன். இண்டைக்கு ரெண்டு போத்தல் வாங்கிக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் உடப்புப் பெண் ஒருத்தியும் இருந்தாள். நிறை பார்க்கும்போது என் கையைப் பிடித்து, "மனசை விடாதீங்க மிஸ்" என்றாள். நிறை கூடியதற்கா சொல்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

அதிலிருந்து இரண்டாம் நாள் பின்னேரம் வாசலில் என் மாமா நின்றார். மாமா என்றால் இவருடைய தகப்பன். உடப்பில் வள்ளம் வைத்திருந்தவர். இப்போது கரையிலிருந்து தூண்டில் போடுவதோடு சரி. சொல்லாமல் வந்திருந்தார். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே மேசையில் சோடாப் போத்தல்கள், கடலைச் சரை. நடுவில் அவருடைய மகன் முழங்காலில் இருந்து கல்லொன்றை ஏந்திக்கொண்டிருக்க, மருமகள் அதற்கு அபிஷேகம் செய்துகொண்டிருந்தாள்.

மாமா செருப்பைக் கழற்ற மறந்துவிட்டார்.

"என்னடா செய்ற?"

"கல்லுக்குச் சோடா ஊத்துறோம் அப்பா."

மாமா கிட்ட வந்தார். குனிந்தார். "ஊது" என்றார்.

இவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. கையில் கல். என்ன செய்வது, ஊதினார். மாமா மணந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். என்னையும் ஊதச் சொல்லிவிடுவாரோ என்று பயந்து, "மாமா, உள்ளுக்கை ஒரு புழு இருக்குது" என்றேன். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

முழுக் கதையையும் சொல்லி முடிக்கத் தேத்தண்ணி ஆறிவிட்டது. ஊரில் கதை எப்படிப் போயிருக்கிறது என்பதை மாமா சொன்னார். விரதக்காரன் ஒளித்துக் குடிக்கிறான். மருத்துவமாதுப் பெண்சாதியே சோடா வாங்கிக் கொடுக்கிறாள். அவன் வீட்டை விட்டு வெளியே வருவதேயில்லை.

"அப்ப நீ குடிக்கல்ல" என்றார் மாமா.

"இல்ல அப்பா."

"குடிச்சிருந்தா விடியத் தெளிஞ்சிரும்" என்றார் மாமா, கல்லைப் பார்த்தபடி. "இதுக்கு நான் யார்ட்ட போய்ச் சொல்றது?"

ஆனால் புழு என்ற சொல் அவருக்குள் போய் வேலை செய்துவிட்டது. கடல் புழு நல்ல இரை. எவ்வளவு மொத்தம் என்று கேட்டார். இவர் விரலைக் காட்டினார். மாமா சிரித்தார். "பயத்துல எல்லாம் பெரிசாத்தான் தெரியும். ஒரு சாண் இருந்தாலே பெரிய காரியம். நான் எடுத்துத் தாறேன். கல்லையெல்லாம் உள்ள வை."

மடியிலிருந்து தங்கூசிச் சுருளை எடுத்தார். மீன்பிடிக்கிறவர்கள் தூண்டிலுக்குப் போடும் நைலோன் நூல். அதை மடியில் வைத்துக்கொண்டுதான் மகனைத் திருத்த வந்திருந்தார். கொழுக்கி போடக்கூடாது என்று இவர் காலில் விழாத குறையாகக் கேட்டதால், நூலின் நுனியில் இறால் தலையொன்றை மட்டும் கட்டினார். மண்டபத்து லைட்டை அணைக்கச் சொன்னார். காற்றாடியை நிற்பாட்டச் சொன்னார். கதிரையை இழுத்துத் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டு, காலை மடித்து ஏறி இருந்துகொண்டு, மகன் வீட்டு மண்டபத்தில் தூண்டில் போட்டார்.

அரிசி கழுவக் குசினிக்குப் போன என்னை, தண்ணீர்ச் சத்தம் கேட்குது என்று திருப்பிக் கூப்பிட்டார். வாசல் லைட்டின் மங்கல் வெளிச்சம் மட்டும் உள்ளே விழ, மூன்று பேரும் இருட்டில் இருந்தோம். கோமாளி மீன்கள் இறாலைக் கொத்தின. மாமா அவற்றைத் தாழ்ந்த குரலில் வைதார். அவர் வைத சொற்கள் எதையும் விரத வீட்டில் சொல்லக்கூடாது.

பிறகு நூல் இழுபட்டது. மாமா இழுத்தார். அந்தப் பக்கமும் இழுத்தது. மாமாவின் முகத்தில் சந்தோசம் வந்ததை அந்த இருட்டிலும் கண்டேன். "பெரிசுடா" என்றார். அடுத்த நிமிடம் நூல் வெறுமையாக மேலே வந்தது. இறாலும் இல்லை, முடிச்சும் இல்லை.

"நூல் பழசு" என்றார் மாமா.

ஆனால் இந்த முறை நான் கண்ணை மூடவில்லை. அது எந்தக் கல்லுக்குள் போனது என்று பார்த்துவிட்டேன். நடுவில் இருந்த பெரிய கல். ஊதாப் பவளம் முழுக்க இருந்த கல். அதற்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று இவர் ஒரு நாளும் சோடா ஊற்ற விடாத கல்.

கல்லைத் தூக்கிப் பேசினுக்கு மேலே பிடித்தார். நான் போத்தலைச் சரித்தேன். இரண்டு சொட்டு வந்தது. மாமா வந்த பரபரப்பில் மிச்சச் சோடா முழுவதையும் பிழையான கல்லுக்கு ஊற்றி முடித்திருந்தோம். இவர் கல்லை விட முடியாது. எந்த நேரமும் புழு விழலாம் என்பதால் நான் பேசினை விட்டு நகர முடியாது. இரண்டு பேரும் மாமாவைப் பார்த்தோம்.

வாழ்நாளில் ஒரு சொட்டுச் சாராயம் தொடாதவர், சட்டையைச் சரிசெய்துகொண்டு சோடா வாங்கப் போனார். திரும்பி வரும்போது கையில் மூன்று போத்தல், முகத்தில் கடுகு வெடித்தது. போத்தல்களை மேசையில் வைத்தார். அதோடு ஒரு கடலைச் சரையையும் வைத்தார்.

"இது நான் கேக்கல்ல" என்றார். "'வாப்பாவும் வந்துட்டீங்களா' எண்டு சொல்லி அவனே சுத்தித் தந்தான்."

முதல் போத்தலுக்கு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது போத்தல் பாதியில், கல்லின் அடியிலிருந்த ஓட்டையில் தலை தெரிந்தது. கொம்புகள் ஆடின. அது ஒரு சாண் வெளியே வந்தது. மாமா, "சொன்னேனே" என்றார். இன்னொரு சாண் வந்தது. மாமா ஒரு அடி பின்னால் போனார். பிறகும் வந்தது.

இவர் பதற்றத்தில் கல்லை ஒரு கையால் அணைத்துக்கொண்டு மறு கையை நீட்டினார். இழுக்கப் போகிறார் என்று தெரிந்தது.

"இழுக்காதையுங்கோ" என்றேன்.

என் குரல் மாறிப்போனது எனக்கே கேட்டது. பிரசவ அறையில் பயிற்சி எடுத்த காலத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்தவர் இந்தக் குரலில்தான் சொல்லுவார். தலை தெரிந்தவுடன் அவசரப்படக் கூடாது. பிடித்து இழுத்தால் கிழியும். அது தன் பாட்டில் வரும். நாங்கள் ஏந்தினால் போதும்.

"கல்லை ஆட்டாமல் பிடியுங்கோ. மாமா, நீங்கள் கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்கோ. இப்ப நிப்பாட்டுங்கோ. கொஞ்சம் பொறுங்கோ. இனி ஊத்துங்கோ."

இரண்டு ஆண்களும் மறுபேச்சில்லாமல் செய்தார்கள். அது வளைந்து, சுருண்டு, ஓய்வெடுத்து, மறுபடி வந்து, கடைசியில் வால் கழன்று பேசினுக்குள் விழுந்தது. முழுசாக. உடையாமல். என் கை நீளத்துக்கு மேலே இருந்தது. நான் என்னை அறியாமல் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். பிள்ளை பிறந்த நேரம் குறிக்கும் பழக்கம்.

இவர் அவசரமாகக் கடல் தண்ணீர் ஊற்றினார். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். மின்குமிழ் வெளிச்சத்தில் அதன் உடம்பில் நிறங்கள் ஓடின.

"நல்ல வடிவு" என்றார் மாமா. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "நல்ல இரை" என்றும் சொன்னார்.

"கொல்லக் கூடாது அப்பா. விரதம். கடல்ல விடோணும்."

"சரி. நான் கொண்டுபோய்க் கடல்ல விடுறேன்."

"சத்தியமா?"

"கடல்லதான்டா விடுவேன்."

மூடி போட்ட வாளியொன்றில் அது உடப்பு பஸ் ஏறியது. மாமா வாளியை மடியில் வைத்துக்கொண்டு யன்னல் ஓரத்தில் இருந்தார். இவர் பஸ் மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்து தொட்டிக்கு முன்னால் இருந்தார். பவளம் இருந்தது, மீன் இருந்தது, எல்லாம் அமைதியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் எழுந்துபோய்க் கழுத்தை நிமிர்த்தித் தொலைக்காட்சி பார்த்தார். அவர் அதைச் செய்து நான் கண்டு மாதக்கணக்காகியிருந்தது.

அடுத்த நாள் மத்தியானம் உடப்பிலிருந்து வந்த ஒருவரிடம் மாமா ஒரு பை கொடுத்து அனுப்பியிருந்தார். பைக்குள் பெரிய விளைமீன் ஒன்று. செவுள் சிவப்பாக, இப்போதுதான் பிடித்தது போல இருந்தது. இவர் மீனைப் பார்த்தார். தொலைபேசி எடுத்தார்.

"அப்பா, அவரைக் கடல்ல விட்டீங்களா?"

"ஓம். கடல்லதான் விட்டேன்."

"எப்பிடி விட்டீங்க?"

அந்தப் பக்கம் மாமா தொண்டையைச் செருமினார்.

"தூண்டில்ல" என்றார் மாமா.

இவர் அன்று பருப்பும் பூசணிக்காயும் சாப்பிட்டார். நான் மீனைப் புளி விட்டு மிளகாய்த்தூள் போட்டுக் குழம்பாக வைத்தேன். விரதம் இவருக்குத்தான், எனக்கில்லை. எதிரே இருந்து என் சாப்பாட்டுக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமோ கவலையோ என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது, தலையைக் குனிந்தபடி கேட்டார்.

"ருசியா இருக்கா?"

இருந்தது. நல்ல ருசியாக இருந்தது. நான் முள் எடுப்பது போலப் பாசாங்கு செய்துகொண்டு, "பரவாயில்லை" என்றேன்.